அம்மாவைத் தெரியாத பூட்டு

கூட வேலை செய்யும் நண்பர் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறார். "உங்க வீட்டு டிஜிட்டல் லாக் எப்படி? அப்ப 18 ஆயிரம் சொன்னீங்க, இப்ப பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கிடட்டுமா?" என்று போன வாரம் கேட்டார். அதற்கு முந்தின வாரம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதோ, பூட்டு ரிப்பேர்காரருக்கு நான் 400 ரூபாய் கொடுத்த மறுநாள். அதனால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சூடு ஆறட்டும் என்று விட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டதா என்றால், இல்லை.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கிற ரகம்தான். கைரேகை, எண், கார்டு, அவசரத்துக்கு ஒரு சாவி. உள்ளே நான்கு பென்சில் பேட்டரி. 2021-இல் மடிப்பாக்கம் வீட்டுக்கு வந்தபோது மாட்டியது.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக என் சட்டைப்பையில் வீட்டுச் சாவி கிடையாது. மகன் பள்ளி விட்டு வந்தால் யாருக்கும் காத்திருக்காமல் விரலை வைத்து உள்ளே போகிறான், திறந்தது என் ஃபோனுக்கும் தெரிகிறது. பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. வெளியே பூட்டு தொங்காததால், ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று மாடிப்படியில் போகிறவருக்குத் தெரியாது. இவ்வளவும் உண்மை.

ஆனால் இந்தப் பூட்டுக்கு என் அம்மாவைத் தெரியாது.

நானும் மனைவியும் மகனும் விரலை வைத்த மாத்திரத்தில் திறக்கிறது. அம்மா வைத்தால் சிவப்பு விளக்கு. இன்னொரு முறை வைத்தால் மறுபடி சிவப்பு. ஐம்பது வருடம் சாம்பலும் சபீனாவும் போட்டுப் பாத்திரம் தேய்த்து, அரிவாள்மனையில் காய் நறுக்கிய விரல். ரேகை மழுங்கிப்போய்விட்டது. மேடு பள்ளம் தெரிந்தால்தான் சென்சார் படிக்கும். தோல் காய்ந்திருந்தாலும் படிக்காது, ஊறிச் சுருங்கியிருந்தாலும் படிக்காது. வயதானவர்கள் பலருக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ரேஷன் கடை மெஷினிலும் அம்மாவுக்கு இதே கதைதான். அங்கேயாவது கடைக்காரர் "அடுத்த விரலை வைங்கம்மா" என்பார். இது கீச்சென்று கத்துகிறது.

முதல் வருடமே கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். ரேகையை அழித்துவிட்டுத் திரும்பப் பதியச் சொன்னார்கள். பதிந்தோம். இரண்டு நாள் வேலை செய்தது. அதற்கப்புறம் அம்மா எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு சமாளித்தார், நானும் அதை மறந்துபோனேன்.

நண்பர் கேட்டதற்கு முந்தின நாள், மழை. வீட்டில் அம்மா மட்டும். அடுப்பில் பருப்புக்குக் குக்கரை வைத்திருக்கிறார். திடீரென்று தூறல் விழ, மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்க ஓடியிருக்கிறார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாத்தினால் ஐந்து விநாடியில் தானாகவே பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்து ஈர விரலை வைத்தால் திறக்குமா? எண்ணை அடித்தார். அதுவும் தப்பு. வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் நின்றுவிட்டதால் அதற்கு முந்தின வாரம்தான் நான் எண்ணை மாற்றியிருந்தேன். மனைவியிடம் சொன்னேன், மகனிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஐந்து தடவை தப்பானதும் சைரன் அடித்துவிட்டு, மூன்று நிமிடத்துக்கு எதைத் தொட்டாலும் செத்த மாதிரி இருந்திருக்கிறது பூட்டு. அம்மாவின் ஃபோன் உள்ளே. அவசரச் சாவி? அது பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், மிகப் பத்திரமாக.

எதிர்வீட்டு அக்காதான் எனக்கு ஃபோன் செய்தார். புது எண்ணைச் சொன்னேன். அவர் அடிக்கிறார், ஃபோனில் எனக்கே கேட்கிறது, "க்ர்ர்ர்" என்று மோட்டார் முனகி, மூன்று பீப் போட்டு நின்றுவிடுகிறது. மறுபடி அடித்தார். மறுபடி முனகல். பின்னணியில் குக்கர் விசில். அம்மா அதை எண்ணிக்கொண்டிருக்கிறார்: "ஏழு ஆச்சுடா." கிண்டி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

வாட்ச்மேன் ஓடிப்போய்த் தெருமுனையில் சாவி போடும் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் உடனே கதவில் கை வைக்கவில்லை. இது யார் வீடு, இந்த அம்மா இங்கேதான் குடியிருக்கிறாரா என்று வாட்ச்மேனிடம் கேட்டு, அக்காவிடமும் கேட்டு, ஃபோனை வாங்கி என்னிடமும் பேசினார். அந்த நிமிடம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அதைக் கேட்காமல் வீட்டைத் திறந்துவிடுகிற ஆளைத்தான் நம்பக் கூடாது.

அப்புறம் அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேல்பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப நம்பரை அடிங்கம்மா" என்றார். திறந்துவிட்டது. பருப்பு தீய்ந்ததைத் தவிர வேறு சேதமில்லை.

சாயங்காலம் நான் வந்ததும் அவரே மறுபடி வந்தார். "மோட்டாருக்கு நாக்கை இழுக்கத்தான் தெம்பு இருக்கு சார். கதவைத் தள்ளத் தெம்பு கிடையாது. உங்க கதவு நாக்கு மேலயே உக்காந்திருக்கு." நாக்கு என்றால், பூட்டிலிருந்து நீண்டு நிலைக்குள் நுழைகிற உலோகத் துண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும். மேல் கீல் வேறு லேசாகத் தொங்கியிருந்தது. நிலையில் நாக்கு நுழைகிற தகட்டின் விளிம்பில் நாக்கு உரசி உரசிப் பளபளவென்று ஒரு கோடே விழுந்திருக்கிறது. நான்கு வருடமாக அந்தக் கதவைத் திறக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. சாதாரணப் பூட்டாக இருந்தால் சாவி திருப்பும்போதே கைக்கு இறுக்கம் தெரிந்திருக்கும், பத்து நாளில் ஆசாரியைக் கூப்பிட்டிருப்போம். இதில் அந்த இறுக்கத்தையெல்லாம் மோட்டார் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் பேட்டரியைத் தின்றிருக்கிறது. முன்பு பத்து மாதம் வந்த பேட்டரி இந்த வருடம் ஆறு மாதத்தில் தீர்ந்ததும் அதனால்தான். நான் பேட்டரிக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தகட்டை அரத்தால் ராவினார். அரை இஞ்ச் ஸ்க்ரூக்களைக் கழற்றிக் காட்டினார். "இதை வச்சு மாட்டியிருக்காங்க. ஒரு உதை விட்டா நிலையோட தகடு வந்துரும். பூட்டு பத்திரமா நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கும், திருடன் உள்ள இருப்பான்." மூன்று இஞ்ச் ஸ்க்ரூ போட்டு நிலை மரத்துக்குள் ஆழமாக இறக்கினார். மேல் கீலுக்கும் அப்படியே. பூட்டுக்கு 18 ஆயிரம் செலவழித்தவன், ஸ்க்ரூவுக்கு எவ்வளவு செலவழித்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பாய்க்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அவருடைய அத்தா பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டு அடித்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று பெருமையாகச் சொன்னேன். "குறியீடு வந்துச்சு சார். அடிக்கிறதுக்குக் கை எங்க இருக்கு?" என்றுவிட்டு அரத்தைத் துடைத்தார். டிஜிட்டல் பூட்டின் மேல் அவருக்குக் கோபம் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நல்ல சாமான்தான் என்றார். ஆனால் அதன் கீழே மூடியைத் தள்ளி, அவசரச் சாவித் துவாரத்துக்கு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். திருடன் உட்கார்ந்து உங்கள் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க மாட்டான், இந்தச் சின்னத் துவாரத்தைத்தான் பார்ப்பான். விலை குறைந்த மாடல்களில் கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கிற இடமும் இதுதான் என்றார். பாதி விலைக்கு வாங்கப் போகும் நண்பர் இதைக் கவனிக்கவும்.

அந்தச் சாவியை இப்போது சித்தி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறோம், இரண்டு தெரு தள்ளி. செருப்பு ஸ்டாண்டிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம் என்றார் பாய். அங்கேதான் எல்லோரும் முதலில் தேடுவார்களாம். எண் பலகையைச் சாய்த்துப் பார்த்தால் எங்கள் வீட்டு நான்கு எண்களின் மேல் மட்டும் விரல் பிசுக்கு. வாரம் ஒரு தடவை துடைக்கச் சொன்னார். உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் பொய் எண்களைச் சேர்த்து அடித்தாலும் எங்கள் பூட்டு திறக்கும். அது புத்தகத்திலேயே இருக்கிறது, நான் படிக்கவில்லை. தானாகப் பூட்டிக்கொள்வதை நிறுத்தி வைக்க முடியும் என்பதும் அதே புத்தகத்தில்தான்.

பேட்டரி விஷயத்தில் நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்திருக்கிறேன். நடுவில் சிக்கனம் என்று சார்ஜ் செய்கிற பேட்டரி போட்டேன். அது 1.2 வோல்ட், சாதாரணம் 1.5. பூட்டு எப்போது பார்த்தாலும் 'பேட்டரி தீர்கிறது' என்று அழுதது. ஆல்கலைன் பேட்டரிதான், நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

ஊருக்குப் போகும்போது இதை மட்டும் நம்பாதீர்கள், கூட, சாவி போட்டுத் திருப்புகிற லீவர் பூட்டு ஒன்றும் வேண்டும் என்றார் பாய். வெளியே பூட்டைத் தொங்கவிட்டால் ஆளில்லை என்று தெரிந்துவிடுமே என்றேன். "கதவுக்குள்ள பதிக்கிற மாதிரி போட்டுக்கலாம் சார். அதை விடுங்க, வாசல்ல கோலம் இல்லை, பால் பாக்கெட் பை காலியா மாட்டிக்கிட்டுத் தொங்குது, பேப்பர் மூணு கிடக்குது. பூட்டைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்?" பொங்கலுக்குப் போகும்போது எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி வைக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

கடைசியாக அம்மாவின் விரல். நான்கு வருடமாக எங்களால் ஆகாததற்கு அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். "அதிகமா வேலை செய்யாத விரல் எதும்மா?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது மோதிர விரல் என்று முடிவானது. அதையே மூன்று தடவை மூன்று பேராகப் பதிந்தோம்: காய்ந்த விரலாக, எண்ணெய் தொட்டுத் துடைத்த விரலாக, குளித்து வந்த விரலாக. இப்போது பத்துக்கு ஏழு தடவை திறக்கிறது. மீதி மூன்றுக்கு, பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்த கார்டு வில்லையை வளையத்தில் கோத்துக் கொடுத்துவிட்டோம். அம்மா அதை பீரோ சாவி, அரிசி டின் பூட்டுச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். சாவியே வேண்டாம் என்று வாங்கிய பூட்டை, அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத்தான் திறக்கிறார். எங்கள் நால்வரில் ஒரு தடவைகூடத் தவறாமல் திறப்பது இப்போது அவர்தான்.

ஆக, பூட்டின் மேல் குற்றம் எவ்வளவு? கதவு தொங்கியது அதன் தப்பில்லை. எண்ணைச் சொல்லாதது நான். சாவியைப் பீரோவில் வைத்ததும் நான். இப்படிக் கூட்டிக் கழித்தால் பூட்டுக்குப் பத்துக்கு எட்டு மார்க் கொடுக்க வேண்டும், என் கை போகவில்லை. குக்கர் உள்ளே கத்த, தன் வீட்டு வாசலில் அம்மா அந்நியர் மாதிரி நின்றிருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் கழற்றி வீசத்தான் தோன்றுகிறது. வீசவும் மாட்டேன், சாவியைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு இனி வணங்காது.

வயதானவர் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம் என்று நேற்று நண்பருக்கு எழுதினேன். போன வாரமே ஆர்டர் போட்டாயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை மாட்ட வருகிறார்களாம். அவர் மாமியார் கூடத்தான் இருக்கிறார். சரி, பாயின் நம்பரை அனுப்பியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் கதவை அவரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லி.