பெடல்போர்டில் பெடல் நிற்க எது சரி: வெல்க்ரோவா, டூயல் லாக்கா, சைக்கிள் செயினா?

போன வருடம் மே மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பெடல்போர்டு, அதாவது கிட்டார் சத்தத்தை மாற்ற காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிகளை (பெடல்களை) வரிசையாகப் பொருத்தி வைக்கும் பலகை, மதியம் முழுக்கக் காரின் டிக்கியிலேயே கிடந்தது, கார் நின்றதோ மொட்டை வெயிலில். சாயந்திரம் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அடியில் ஏதோ இடிக்கிறது. குனிந்து பார்த்தால், போர்டுக்குக் கீழே ஒட்டி வைத்திருந்த பவர் சப்ளை கழன்று, நாலைந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இதில் வெல்க்ரோ பிரியவே இல்லை என்பதுதான் விசேஷம். முள் பக்கமும் பஞ்சுப் பக்கமும் ஒன்றையொன்று கவ்வியபடியே இருந்தன. பலகையை விட்டுக் கழன்று வந்தது வெல்க்ரோவின் முதுகில் இருந்த பசை.

அதற்கப்புறம் எந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது, வேலூர் வெயிலில் இது எந்த இடத்தில் கைவிடும் என்பதைத்தான். நான் பார்த்த வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் பெடலைப் பிடித்து இழுக்கிறார்கள், போர்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குகிறார்கள், ஒருத்தரும் கத்தரி வெயிலில் பூட்டிய காருக்குள் நாலு மணி நேரம் வைத்துப் பார்க்கவில்லை. நமக்கோ மார்ச் கடைசியிலேயே வெயில் சதமடித்துவிடுகிறது.

வெல்க்ரோவில் ஆரம்பிக்கலாம், பெரும்பாலானவர்கள் போர்டில் இருப்பது அதுதான். காட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருமே, அதே விஷயம். ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ்காரர் 1941இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள் காய்களைப் பார்த்துவிட்டு யோசிக்க ஆரம்பித்து, 1955இல் காப்புரிமை வாங்கினார். பெடலுக்கு இதில் இருக்கிற பெரிய வசதி, பிய்த்துப் பிய்த்து ஒட்டலாம். இந்த வாரம் கோரஸ் பெடல் வேண்டாம், டிலே பெடல் வேண்டும் என்றால் ஒரு நிமிட வேலை. விலையும் குறைவு. குறை என்று பார்த்தால் பெடல் லேசாகத் தளதளக்கும். முள்ளும் பஞ்சும் சேர்ந்த மெத்தை மேல் பெடல் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் ஓரமாக மிதித்தால் அது சாயத்தான் செய்யும். சின்ன பெடல்களில் இது நன்றாகத் தெரியும்.

முள் பக்கத்தைப் பெடலில் ஒட்டுவதா, பலகையில் ஒட்டுவதா என்று ஓயாமல் சண்டை நடக்கும். எனக்கு இதில் பெரிய அபிப்பிராயம் கிடையாது, கூட வாசிக்கிறவர்கள் எப்படி ஒட்டியிருக்கிறார்களோ அப்படியே ஒட்டுங்கள், அப்போதுதான் அவசரத்துக்கு ஒருத்தர் பெடலை இன்னொருத்தர் போர்டில் வைக்க முடியும். நான் பெடலில் முள் வைத்திருக்கிறேன். சர்ச் மேடையில் விரித்திருக்கும் கம்பளத்தில் போர்டே இல்லாமல் பெடலை வைத்தாலும் கொஞ்சம் பிடித்து நிற்கிறது.

வெல்க்ரோவின் நிஜமான வம்பு பாஸ் (Boss) கம்பெனி பெடல்களில்தான். 1977இல் அவர்களுடைய முதல் காம்பாக்ட் பெடல்கள் வந்ததிலிருந்து அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை, அடியில் ரப்பர் விரிப்பு. தரையில் வழுக்காமல் நிற்க அது அருமையான சமாச்சாரம். ஆனால் ஸ்டிக்கர் பசைக்கு ரப்பர் ஆகாது, புதிதாக ஒட்டும்போது பிடித்த மாதிரி நடிக்கும், ஒரு மாதத்தில் ஓரம் தூக்கிவிடும். அந்த ரப்பரை உரித்து எடுக்கலாம். ஹேர் டிரையரில் சூடு காட்டினால் வந்துவிடும். ஆனால் விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் பெடலைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். எனக்கு உரிக்க மனசு வரவில்லை.

இதற்கு வழி சொன்னவர் என் சித்தப்பா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஒட்டுகிற பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிட்டாருக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நான் மூன்றாவது முறையாக ஸ்டிக்கர் வெல்க்ரோவை அழுத்திக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டு, “டேய், ரப்பரை ரஃப் பண்ணாம ஒட்டினா இன்னாத்துக்குடா நிக்கும்? சோலு ஒட்டுறோமே நாங்க, அப்படியேவா ஒட்டுறோம்?” என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்துவிட்டார். முதலில் பெடலின் அடித்தட்டை நாலு திருகும் கழற்றித் தனியாக எடுக்கச் சொன்னார். ரப்பரின் மேல் பளபளப்பு போய் மங்கலாகும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பொடியைத் துடைத்தார். வெல்க்ரோவும் ஸ்டிக்கர் உள்ளது வேண்டாம் என்றுவிட்டார், தையல் போட விற்கிற வெறும் வெல்க்ரோ, ஆம்பூரில் ஷூ சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைப்பது. செருப்பு ஒட்டுகிற எஸ்ஆர் பசையை இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவிவிட்டு, உடனே ஒட்டவில்லை. புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். ஒட்டுகிறது, வைக்கிறார். ஒரு பத்து நிமிஷம் கழித்து மறுபடி தொடுகிறார். ஒட்டாமல் வருகிறது என்றதும் இரண்டாவது பூச்சு, மறுபடி காத்திருப்பு, அப்புறம்தான் இரண்டையும் சேர்த்தார். சேர்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். அடித்தட்டைத் தனியாக எடுக்கச் சொன்னது இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது, இல்லையென்றால் எனக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும்.

அந்த பெடல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டது, ஓரம் கூடத் தூக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இது ஒருவழிப் பாதை. அந்த வெல்க்ரோவை எடுக்க வேண்டுமானால் ரப்பரும் சேர்ந்துதான் வரும். விற்கும் எண்ணம் உள்ள பெடலில் செய்யாதீர்கள்.

அடுத்து டூயல் லாக். 3எம் கம்பெனியின் சரக்கு, இதில் முள், பஞ்சு என்ற பேதம் இல்லை, இரண்டு பக்கமும் காளான் தலை மாதிரி பிளாஸ்டிக் குமிழ்கள், ஒன்றுக்குள் ஒன்று ‘டக்’கென்று மாட்டும். பலரும் வாங்குவது 250 ரகம், அதாவது சதுர அங்குலத்துக்கு 250 காளான். பெடல் கல் மாதிரி நிற்கும், மிதித்தால் தளதளப்பு கிடையாது. வெல்க்ரோவிலிருந்து இதற்கு மாறினால் காலுக்கே வித்தியாசம் தெரியும். ஆனால் இதைப் போட்டவர்களில் பாதிப் பேர் முதல் தடவை செய்கிற தப்பு, வெல்க்ரோ பழக்கத்தில் பெடலின் அடி முழுக்க ஒட்டிவிடுவது. அப்புறம் அந்த பெடலைக் கழற்ற ஆள் கூப்பிட வேண்டும். எனக்குத் தெரிந்த பேஸ் கிட்டார்காரர் ஒருவர் ட்யூனரை அப்படி ஒட்டிவிட்டு, நேர் மேலாக இழுத்து, அடியில் இருந்த சீரியல் நம்பர் ஸ்டிக்கரோடு பிய்த்து எடுத்தார். நாலு மூலையில் ஓர் அங்குலத் துண்டு போதும், சின்ன பெடலுக்கு இரண்டே போதும். கழற்றும்போது ஒரு ஓரத்தில் பட்டி பிளேடைக் கொடுத்து நெம்ப வேண்டும், நேராக இழுக்கக் கூடாது.

வெயில் விஷயத்துக்கு வந்தால், டூயல் லாக்கிலும் கடைசியில் பிடித்துக்கொண்டிருப்பது பசைதான். அதில் இரண்டு ஜாதி உண்டு, வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். எஸ்ஜே3540 ரப்பர் பசை, எஸ்ஜே3550 அக்ரிலிக் பசை. சூட்டைத் தாங்குவது அக்ரிலிக்தான். விலை வெல்க்ரோவை விடப் பல மடங்கு, அதனாலும் துண்டு துண்டாக ஒட்டுவது நல்லது. மாட்டிய பின் கனம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரும், மூடி இறுக்கமாக இருக்கிற பெட்டியில் போர்டை வைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பசையே வேண்டாம் என்பவர்களுக்குச் சைக்கிள் செயின். சிரிக்காதீர்கள், இருப்பதிலேயே உறுதியான முறை இதுதான். செயினின் ஒரு கண்ணியைத் தட்டிப் பிரித்தால் இரண்டு ஓட்டை உள்ள எட்டு வடிவத் தகடு கிடைக்கும், ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம். பெடலின் அடித்தட்டில் இருக்கும் திருகைக் கழற்றி, அதையே தகட்டின் ஒரு ஓட்டை வழியாகத் திரும்பப் போட்டு, தகட்டின் மறுமுனையைப் பெடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்து, அந்த ஓட்டையில் மர ஸ்க்ரூ போட்டுப் பலகையோடு முடுக்குவது. வெளித்தகடுதான் தேவை, உள்தகட்டின் ஓட்டை பெரியது, திருகின் தலை உள்ளே போய்விடும். சத்துவாச்சாரியில் ஒரு சைக்கிள் கடையில் பழைய செயின் கேட்டதற்கு, “சைக்கிளு இல்லாம செயினு மட்டும் இன்னாத்துக்குபா?” என்று ஒரு மாதிரி பார்த்தார், காசு வாங்கவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கிரீஸ் எங்கெங்கோ ஏறும்.

தகட்டின் கனத்துக்காகக் கொஞ்சம் நீளமான திருகு போடலாமே என்று தோன்றும். போடும்முன் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று திறந்து பாருங்கள், முனை சர்க்யூட் போர்டைத் தொட்டால் பெடல் போச்சு. மற்றபடி செயினின் குறை தெரிந்ததுதான், பெடலை இடம் மாற்ற ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ டிரைவர், நாலு தடவை மாற்றினால் பிளைவுட்டில் ஓட்டை தளர்ந்துவிடும். பேட்டரி போட்டு வாசிக்கிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பாஸ் காம்பாக்டில் பேட்டரி மேலே மிதிக்கிற தகட்டுக்கு அடியில் இருக்கிறது, பிரச்சினை இல்லை. அடித்தட்டைத் திறந்து பேட்டரி மாற்றும் பெடல்களைச் செயினில் கட்டினால் கச்சேரி நடுவில் அழ வேண்டியதுதான்.

ஆனால் காலால் முன்னும் பின்னும் ஆட்டி வாசிக்கிற ‘வா’ (wah) பெடலுக்கு செயினை விட்டால் வேறு கிடையாது என்பேன். டன்லப் கம்பெனியின் க்ரை பேபி என்ற வா பெடல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனம், அதன் மேல் நம் காலின் முழுப் பாரமும் முன்னும் பின்னுமாக ஆடும். வெல்க்ரோவில் வைத்தால் பாட்டு முடிவதற்குள் அரை அங்குலம் நகர்ந்திருக்கும். அதன் நாலு ரப்பர் காலும் திருகில்தான் நிற்கின்றன, அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் செயின் தகட்டை மாட்டலாம்.

கேபிள் டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரீப்பர் கட்டைகளை இடைவெளி விட்டு அடித்துச் செய்த போர்டு என்றால் பெடலைக் கட்டலாம், ஆனால் டை குமிழ் மேலேயோ ஸ்விட்ச் மேலேயோ வந்து நிற்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அறுத்துப் போட வேண்டும். பெடலுக்கு வேண்டாம். போர்டின் அடியில் தொங்குகிற பவர் சப்ளைக்கு மட்டும் இதைவிட நல்லது இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் பெடலைப் பூமி கீழே அழுத்துகிறது, அடியில் இருப்பதை இரவும் பகலும் இழுக்கிறது, பசை சூட்டில் இளகினால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி ஒரு நாள் குடியாத்தம் ஆகிவிடும். கருப்பு டை இரண்டு போட்டுக் கட்டினேன், அதோடு மறந்துவிட்டேன்.

பெடலின் அடியில் தட்டு ஒட்டி, போர்டின் அடியிலிருந்து திருகு போடும் முறையும் டெம்பிள் ஆடியோ போன்ற பெடல்போர்டு கம்பெனிகளிடம் இருக்கிறது. அழகாக இருக்கும். அந்தத் தட்டைப் பெடலோடு பிடிப்பதும் பசைதான் என்பதை மறக்க வேண்டாம். டபுள் சைடு ஃபோம் டேப் பக்கமே போகாதீர்கள், இந்த ஊர் சூட்டில் அது அல்வா ஆகிவிடும்.

என் போர்டில் இப்போது வா பெடல் செயினில், ட்யூனரும் ஓவர்டிரைவும் இடம் மாறவே மாறாது என்பதால் டூயல் லாக்கில், மாறிக்கொண்டே இருக்கும் மூன்று பெடல் வெல்க்ரோவில், பவர் சப்ளை டையில். ஒரே முறையில் எல்லாவற்றையும் ஒட்டுவது பார்க்கத்தான் சுத்தம்.

எதை ஒட்டினாலும் ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், காந்தி ரோட்டில் மெடிக்கல் ஷாப்புக்குப் பஞ்சமா என்ன. பழைய பசையின் பிசுக்கு இருந்தால் நீலகிரித் தைலம் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் உருண்டு வந்துவிடும், ஆனால் தைலப் பிசுக்கு போக மறுபடி ஸ்பிரிட். அப்புறம் அக்ரிலிக் பசை முழுசாகப் பிடிக்க 72 மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஒட்டிவிட்டு ஞாயிறு காலை ஆராதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள்தான் நானும். புதன்கிழமையே ஒட்டிவிடுங்கள்.