வெள்ளை ஆல்பமா, ‘லண்டன் காலிங்’கா?

ஒரு ராக் குழு ஒரே ஆல்பத்தில் எத்தனை பாணிகளைத் தொடலாம் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு இரட்டை எல்.பி.கள், அதாவது இரண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பங்கள், தவறாமல் வந்து நிற்கும். ஒன்று, 1968 நவம்பரில் பீட்டில்ஸ் வெளியிட்டது. தலைப்பு ‘தி பீட்டில்ஸ்’ என்பதுதான், ஆனால் உறை வெறும் வெள்ளையாக இருந்ததால் ‘வெள்ளை ஆல்பம்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மற்றது, 1979 டிசம்பரில் தி கிளாஷ் கொண்டுவந்த ‘லண்டன் காலிங்’. இரண்டும் லண்டனில் பதிவானவை, இரண்டு குழுவிலும் நாலு பேர். ஆனால் கேட்டு முடித்ததும் மனதில் தங்குவது வேறு வேறு. டிரம்ஸைக் கவனித்தால் அந்த வேறுபாடு சீக்கிரம் பிடிபடும்.

வெள்ளை ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருந்த 1968 ஆகஸ்டில் பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் குழுவை விட்டு வெளியேறினார். திரும்பி வர இரண்டு வாரம் போல ஆனது. ஆல்பத்தின் முதல் இரண்டு பாட்டுகளும் அந்த இடைவெளியில் பதிவானவை. ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’, ‘டியர் புரூடன்ஸ்’ இரண்டிலும் டிரம்ஸ் பெரும்பாலும் பால் மெக்கார்ட்னியின் கை. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம், குழுவின் டிரம்மர் இல்லாமலேயே தொடங்குகிறது!

இதற்கான விதை ரிஷிகேஷில் விழுந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியபோது கையில் இருந்தவை அக்குஸ்டிக் கிடார்கள்தான். அவரவர் தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். லண்டன் திரும்பியபோது ஜான் லெனன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரிடமும் ஆளுக்கொரு குவியல் பாட்டு இருந்தது. அதனால் 30 பாட்டுகளில் ஏறக்குறைய பாதியில்தான் நாலு பேரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ‘பிளாக்பேர்ட்’ மெக்கார்ட்னி தனியாக. ‘ஜூலியா’ லெனன் தனியாக. ‘குட் நைட்’ பாட்டில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது, குழுவிலிருந்து ரிங்கோவின் குரல் மட்டும். அதற்கு முந்திய ‘ரெவல்யூஷன் 9’ எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒலித்துணுக்குத் தொகுப்பு. இங்கே பாணிகள் பெருகுவதற்குக் காரணம் ஆட்கள் விலகிப் போவதுதான். ஒரே உறைக்குள் நாலு தனி ஆல்பங்கள் வரிசை மாறி ஓடுகின்றன. ஒற்றை ஆல்பமாகச் சுருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நாலு பேரும் ஒன்றுசேரும் இடங்களில் இந்த ஆல்பத்தை மிஞ்ச ஆளில்லை. ‘யெர் ப்ளூஸ்’ பாட்டுக்காக ஆபி ரோட் ஸ்டுடியோவில் கட்டுப்பாட்டு அறையை ஒட்டிய சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள்; அந்த நெருக்கம் ஒலியிலேயே தெரிகிறது. ‘ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன்’ மூன்று நிமிடத்துக்குள் தாளத்தையும் பாணியையும் பலமுறை மாற்றுகிறது. அந்த மாற்றங்களைப் பிடிக்க ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப எத்தனையோ முறை சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். முழு ஆல்பமும் இப்படி இருந்திருந்தால் ஒப்பீட்டுக்கே இடமிருக்காது.

‘லண்டன் காலிங்’ பிறந்த விதம் நேர் எதிர். 1979 கோடையில் லண்டனின் பிம்லிக்கோவில் இருந்த வனில்லா என்ற ஒத்திகைக் கூடத்தில் நாலு பேரும் வாரக்கணக்கில் ஒன்றாக அடைந்து கிடந்தார்கள். பாட்டுகள் அங்கே சேர்ந்தே உருவாயின. அதன் பிறகுதான் வெசெக்ஸ் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் நாற்காலிகளைத் தூக்கி வீசி ஸ்டுடியோவைச் சூடேற்றியவர். ‘பிராண்ட் நியூ கேடிலாக்’ வேகம் கூடிக்கொண்டே போகிறது, மறுபடி வாசிக்கலாம் என்று டிரம்மர் டாப்பர் ஹெடன் கேட்டும், நல்ல ராக் அண்ட் ரோல் அப்படித்தான் போகும் என்று அதையே வைத்துக்கொண்டார். அந்த முடிவு சரி. கடைசியில் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடுவதுதான் அதன் அழகு.

இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு ஹெடன்தான். ‘ஜிம்மி ஜாஸ்’, ஜமைக்காவின் ஸ்கா துள்ளலோடு ‘ராங் எம் பாயோ’, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) சாயலில் ‘ட்ரெயின் இன் வெயின்’ என்று பாணி மாறிக்கொண்டே போகிறது, தாளத்தில் இருக்கும் ஆள் மாறவில்லை. ஜாஸும் சோல் இசையும் கேட்டு வளர்ந்த கை அது. ஜோ ஸ்டிரம்மர் பாடினாலும் மிக் ஜோன்ஸ் பாடினாலும் இது அதே குழு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். 19 பாட்டு, 65 நிமிடம். ஒன்றைக்கூட நான் தாண்டிப் போவதில்லை. இரண்டு தட்டையும் ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்க வைத்ததையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க ஓர் அருமையான இடம் உண்டு. அதுவரை தனியாக ஒரு பாட்டும் எழுதி வெளியிடாத உறுப்பினருக்கு இரண்டு ஆல்பமும் வாய்ப்புக் கொடுத்தன. வெள்ளை ஆல்பத்தில் ரிங்கோவின் ‘டோன்ட் பாஸ் மீ பை’. ஃபிடில் இழைய கன்ட்ரி பாணியில் போகும் அந்தப் பாட்டில் பீட்டில்ஸ் தரப்பில் ரிங்கோவும் மெக்கார்ட்னியும் மட்டுமே. கேட்க இனிமை, அவ்வளவுதான். ‘லண்டன் காலிங்’கில் பேஸ் வாசித்த பால் சிமனனின் ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’. லண்டனில் தான் வளர்ந்த பிரிக்ஸ்டன் பகுதியின் இறுக்கத்தை ஜமைக்காவின் ரெகே நடையில், தேர்ந்த பாடகருக்குரிய மெருகு இல்லாத குரலில் பாடுகிறார். மற்ற மூவரும் அவர் பின்னால் நிற்கிறார்கள். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் கலவரம் வெடிப்பதற்கு ஒன்றரை வருடத்துக்கு முந்திய பாட்டு அது. குழுவில் அதிகம் பாடாத ஒருவரிடமிருந்து ஆல்பத்தின் உச்சங்களில் ஒன்று வந்தது என்றால், அதற்கு அந்த ஒத்திகைக் கூடமே காரணம்.

பாணி வகைதான் முக்கியம் என்றால் கிளாஷே மறுவருடம் வெளியிட்ட ‘சாண்டினிஸ்டா!’ இருக்கிறதே என்பார்கள். மூன்று தட்டு, 36 பாட்டு. துணிச்சலை மதிக்கிறேன், ஆனால் பிற்பகுதி தளர்ந்துவிடுகிறது.

ஆகவே முதன்முதலாகக் கேட்பவருக்கு என் தேர்வு ‘லண்டன் காலிங்’தான், தலைப்புப் பாட்டிலிருந்து வரிசை கலைக்காமல். வெள்ளை ஆல்பத்துக்குப் புதியவர் மூன்றாம் பக்கத்தில், அதாவது இரண்டாம் தட்டின் முதல் பக்கத்தில், தொடங்கலாம்: ‘யெர் ப்ளூஸ்’, ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’, அதன் அலறலுக்குப் பின் ஜார்ஜ் ஹாரிசனின் தாழ்ந்த குரலில் ‘லாங், லாங், லாங்’. இரண்டும் பிடித்துப்போனால் ‘லண்டன் காலிங்’கின் 2004 பதிப்போடு வந்த வனில்லா ஒத்திகை நாடாக்களையும், வெள்ளை ஆல்பத்தின் 2018 பதிப்பில் சேர்ந்த ஈஷர் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். ஈஷரில் ஹாரிசன் வீட்டில், பிணக்குகள் முற்றுவதற்கு முன், அக்குஸ்டிக் கிடார்களோடு பதிவானவை அவை. சில பாட்டுகள் ஆல்பத்தில் இருப்பதைவிட அங்கேதான் எனக்குப் பிடித்திருக்கின்றன.