அலிபிரியில் பையைக் கொடுத்துவிட்டு மலையேறுங்கள்

அலிபிரி அடிவாரத்தில், நடந்து மலையேறுபவர்களின் பைகளை வாங்கி, வண்டியில் ஏற்றி மேல்திருப்பதியில் திருப்பித் தருகிறது தேவஸ்தானம். ஒரு பைசா கட்டணம் இல்லை. திருத்தணி, நகரி, புத்தூர்ப் பக்கத்து நம்மவர்கள் பலர் இது தெரியாமல் இன்னமும் தோளில் மூட்டையோடு ஏறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பையில் மாற்றுப்புடவையோடு கணவரின் மருத்துவக் கோப்பும் இருந்தது. இதய வால்வு மாற்றுவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. மருத்துவர் பொறுமையாகப் படம் வரைந்து விளக்கிவிட்டு, "மற்றது அன்றைக்குத்தான் தெரியும் அம்மா" என்றார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் நகரியில் பஸ் ஏறினேன்.

கவுண்டரில் பையை ஸ்கேன் செய்து, எண் ஒட்டி, என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். "உள்ளே முக்கியமான கோப்பு இருக்கிறது ஐயா" என்றேன். "பயப்படாதீர்கள் அம்மா, மேலே வந்துவிடும்" என்று நல்ல தமிழிலேயே சொன்னார் அந்த ஊழியர்.

3,550 படிகள், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். பாத மண்டபத்தில் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் ஏந்தி வலம்வந்துவிட்டுத் தொடங்கினேன். எனக்கு முன்னால் ஒரு பெண் படிக்குப் படி குனிந்து மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். அவள் விரல்கள் மணிக்கட்டு வரை சிவந்திருந்தன. என்ன வேண்டுதலோ, நான் கேட்கவில்லை. காலி கோபுரம் வரை மூச்சு வாங்கும். அதன்பின் பாதை இளகிக் கொடுக்கும். ஏழாவது மைல் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு நடந்தால், முடிவில் முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான படியேற்றம் காத்திருக்கும்.

வால்வு பொருந்த வேண்டும், செலவு கைக்குள் அடங்க வேண்டும், அவர் மறுபடி தறியில் உட்கார வேண்டும் என்று கீழிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். முழங்கால் முறிச்சானில் கேட்பதற்கு மூச்சில்லை. "நீயே பார்த்துக்கொள் அப்பா" என்று மட்டும் சொன்னேன். வேறு புகல் இல்லை என்று நம்மாழ்வார் சரண் புகுந்ததும் இந்த மலையப்பனிடம்தானே! பயம் அடியோடு போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பயத்தோடேயே கால் எடுத்து வைக்க முடிந்தது. அறுவைச் சிகிச்சை இன்னும் நடக்கவில்லை, அவன் பார்த்துக்கொள்வான்.

மேலே சீட்டைக் காட்டியதும் பை வந்தது. கோப்பில் கட்டியிருந்த கயிறுகூட அவிழவில்லை.

பையைப் பூட்டிக் கொடுங்கள். மாத்திரை, பணம், ஆதார் அட்டை, தரிசன டிக்கெட் எல்லாம் கையோடு இருக்கட்டும். 2023இல் இந்தப் பாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றது. ஆகவே குழந்தைகளோடு வருபவர்கள் அன்றைய நேரக் கட்டுப்பாட்டை விசாரித்துக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பை வந்து சேரத் தாமதமாகலாம். அதுவரை வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.