தென்னந்தோப்பில் தீ மூட்டக் கற்ற ஒரு நாள்: பெண்களுக்கான பயிற்சி குறித்து

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில், தீ மூட்டித் திறந்தவெளியில் சமைக்கப் பெண்களுக்கு மட்டும் கற்றுத்தரும் ஒருநாள் பயிற்சிக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். நாங்கள் 12 பேர். பயிற்றுநர்கள் இருவரும் பெண்களே. என் அம்மா பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். நானோ பொங்கலன்று வாசலில் செங்கல் கூட்டும்போதுகூடத் தீப்பெட்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, யாருடைய அடுப்பையும் இன்னொருவர் பற்றவைத்துத் தருவதில்லை என்ற கண்டிப்பு. தீப்பெட்டி கிடையாது; ஃபெரோ ராட் எனப்படும் கம்பியும் ஒரு கத்தியும் மட்டுமே தருகிறார்கள். 1903இல் ஆஸ்திரியாவில் கண்டுபிடிக்கப்பட்ட உலோகக் கலவையால் ஆனது அது. சிகரெட் லைட்டரின் கல்லும் அதே வகைதான். அதைச் சுரண்டினால் தெறிக்கும் பொறி கடும் சூடானது என்றாலும் கண நேரத்தில் அணைந்துவிடுவதால், அதை ஏந்திக்கொள்ளும் நார் பதமாக இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. தேங்காய் நாரை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் தேய்த்து மயிரிழையாக்கி, குருவிக்கூடு போலக் குழித்து வைத்தேன். நாற்பது முறை சுரண்டியும் பற்றவில்லை. பயிற்றுநர் அருகில் அமர்ந்து பார்த்துவிட்டு, "கத்தி அசையக் கூடாதுங்க, கம்பியைப் பின்னால இழுங்க" என்றார். என் கத்தி ஒவ்வொரு முறையும் முன்னே பாய்ந்து கூட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடி இழுத்த மூன்றாவது முறை, ஒரு நாரின் நுனியில் சிவப்புப் புள்ளி ஒன்று ஊர்ந்தது. மெல்ல ஊதினேன், புகை திரண்டது, பிறகு சுடர் எழுந்தது. என் கண்கள் நிறைந்ததற்குப் புகை மட்டும் காரணமில்லை.

ஈர்க்குக் கனம், விரல் கனம், மணிக்கட்டுக் கனம் என்று விறகைப் படிப்படியாக ஏற்றுவதையும், அரளிக் குச்சி நஞ்சென்பதால் அடுப்பருகே கொண்டுவரக் கூடாது என்பதையும், ஆற்றில் கிடந்த கல்லுக்குள் நீர் ஊறியிருந்தால் சூட்டில் வெடிக்கும் என்பதையும் காரணத்தோடு விளக்கினார்கள். பானையின் வெளிப்புறம் குழைத்த மண்ணைப் பூசிவிட்டு ஏற்றியதால் கரி எளிதாகக் கழுவ வந்தது. தணலில் சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்து, பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கடைந்து சோற்றோடு உண்டோம். அந்தப் புகைமணம் எரிவாயு அடுப்பில் வராது.

அணைப்பதற்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது பாராட்டுக்குரியது. நீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே எழ விட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற பெண்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை மறக்க முடியாத நமக்கு இந்தப் பாடம் மிக அவசியம்.

ஆனால் தீக்காயத்துக்கான முதலுதவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தணல் பட்டுக் கொப்பளித்த ஒரு பெண்ணின் விரலில் பற்பசை தடவப் பார்த்தார்கள்; ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிப்பதே முறை என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. இதை ஏற்பாட்டாளர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். சங்கப் பாடல்களில் ஞெலிகோல் என்று வரும் தீக்கடைகோலையும் வெறும் பத்து நிமிடம் காட்டிவிட்டு எடுத்து வைத்தது ஏமாற்றம். அதற்கே தனியாக ஒரு நாள் வைத்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன். செல்பவர்கள் பருத்தி உடை அணிந்து, தலைமுடியை இறுகக் கட்டி, துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.