பால்வாடியும் எல்கேஜியும்: இரண்டு பிள்ளைகளை விட்டுப் பார்த்த அனுபவம்

மூத்தவளை 2019 ஜூனில் எல்கேஜியில் சேர்த்தேன். சின்னவனை 2022இல் பால்வாடியில் விட்டு, அடுத்த வருஷம் யூகேஜிக்கு மாற்றினேன். எல்லாமே அரசாங்கத்தது, கட்டணம் கிடையாது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தெருக்கோடியில் பால்வாடி என்று நாங்கள் சொல்லும் அங்கன்வாடி, ஒன்றரை கிலோமீட்டரில் நடுநிலைப் பள்ளி. இப்போது பெரியவள் ஐந்தாவது, சின்னவன் இரண்டாவது. எங்கே விட்டது நல்லதாகப் போனது என்று இப்போதுதான் என்னால் சொல்ல முடிகிறது.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். எங்கள் ஊரில் பெரிய சந்தோஷம். மெட்ரிக் வேனுக்குக் காசு கட்ட முடியாத வீடுகளிலும் பிள்ளை எல்கேஜி போகிறது என்று சொல்ல முடிந்தது. நானும் அந்த ஆசையில்தான் சேர்த்தேன்.

டீச்சர் நல்லவர், அக்கறையானவர். ஆனால் அதுவரை அவர் பாடம் எடுத்ததெல்லாம் நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு. மூன்று வயசுப் பிள்ளை கையில் இரண்டாவது மாதமே நாலுகோடு நோட்டு வந்துவிட்டது. பென்சிலை உலக்கை பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்துவாள். வீட்டில் நானும் கையைப் பிடித்து எழுத வைத்தேன். அது என் தப்பு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளியை மூடினார்கள். யூகேஜி வருஷம் முழுக்க வீட்டிலேயே போனது. 2021இல் ஒன்றாவது சேரும்போது ஏபிசிடி ஒப்பித்தாள், ஆனால் கூட இருந்த பிள்ளைகளோடு பேசவே மாட்டாள்.

சின்னவனைப் பால்வாடியில் விட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். "படிச்ச வீட்டுப் புள்ளைய போயி பால்வாடில வுடுறியே" என்று மாமியார் வருத்தப்பட்டார். முதல் வாரம் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் சுற்றி நின்று ஆடின. அப்புறம் ஆளுக்கொரு உருண்டை களிமண். இவன் பாம்பு உருட்டினான், பக்கத்துப் பையன் அதைப் பிய்த்து இட்லி தட்டினான், சண்டை, அழுகை, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இட்லி. "அ, ஆ எப்ப எழுத வைப்பீங்க டீச்சர்?" என்று கேட்டேன். "மொதல்ல பெசயட்டும்மா. வெரலு கெட்டிப்படட்டும், எழுத்து தானா வரும்" என்றார். அதுதான் நடந்தது. புளியங்கொட்டையை எண்ணி அடுக்கியே இருபது வரை கற்றுக்கொண்டான். சத்துமாவு, மதியச் சாப்பாடு, முட்டை, அதன்பின் ஒரு தூக்கம். மாதாமாதம் எடை போட்டு, குறைந்திருந்தால் வீட்டுக்கே வந்து சொல்வார். பெரியவளை விட்ட இடத்தில் எடையைப் பற்றி என்னிடம் யாரும் பேசியதில்லை.

பால்வாடியில் எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசி நாள், வீடு வீடாகப் போவது, வாக்காளர் பட்டியல் வேலை என்று எல்லாம் அவர் தலையில்தான். 2021இல் வந்த போஷன் டிராக்கர் என்ற செயலியில் பிள்ளைகள் விவரத்தை ஏற்றுகிற வேலை வேறு. சிக்னல் கிடைக்காமல் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிள்ளைகள் உள்ளே ஆயாவோடு இருக்கும். இத்தனையும் பார்க்கிற ஒருவரிடம் பாடமும் நடத்தச் சொல்வது அநியாயம்.

அதனால்தான் நாலு வயசு முடிந்ததும் யூகேஜிக்கு மாற்றினேன். அதற்குள் அங்கே நிலைமை மாறியிருந்தது. 2022 ஜூனில் இடைநிலை ஆசிரியர்களைத் திரும்பத் தொடக்க வகுப்புகளுக்கே அழைத்துக்கொண்டார்கள். வகுப்பே மூடப்படும் என்று பேச்சு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும், மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் சிறப்பாசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். சின்னவனுக்கு வந்த பெண் அருமையாகக் கதை சொல்வார். இவன் ராத்திரி அதையே குரல் மாற்றி எங்களுக்கு நடித்துக் காட்டுவான். அரையாண்டு விடுமுறை முடிந்து போனால் அவர் இல்லை. ஜவுளிக்கடையில் இதைவிடக் கூடுதலாகச் சம்பளம் கிடைத்ததாம். அடுத்த ஆள் வரும்வரை யூகேஜி பிள்ளைகளை ஒன்றாவதின் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். பத்து நாள் "அந்த மிஸ் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 5,000 ரூபாய்க்கு ஒருவர் எத்தனை நாள் நிற்பார்? அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை.

சின்னவன் ஒன்றாவது போனபோது, அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் அட்டையும் செயல்பாடுமாகத்தான் வகுப்பு. அதில் முதல் நாளே ஒட்டிக்கொண்டான். பெரியவள் ஒன்றாவது சேர்ந்து வாய் திறக்க ஒரு வருஷம் ஆனது. கொரோனாவும் அதில் சேர்த்தி, மறுக்கவில்லை. ஆனாலும் மூன்று வயசில் அவள் கையில் நோட்டுக்குப் பதில் களிமண் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தங்கை மகளுக்கு வரும் ஜூனில் மூன்று வயசு முடிகிறது. பால்வாடியில் விடச் சொல்லியிருக்கிறேன். சேர்ப்பதற்கு முன்னால் பதினோரு மணிவாக்கில் ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்றும், நாலு வயசில் பள்ளிக்கு மாற்றுவதை அப்போது அங்கே டீச்சர் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.