பெரியவனா, சின்னவனா: 13 வயதுக்குள் ஒரு பந்தாட்டக்காரனை எடை போடுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் கரையில் எங்கள் கிளப் பையன்களில் ஒருவனைத் திருவனந்தபுரத்தில் தங்கிப் பயிலும் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பப் பணம் சேர்த்திருந்தோம். இடம் ஒன்று, பையன்கள் இரண்டு பேர். பெயர் வேண்டாம், பெரியவன், சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள், 13 வயதுக்குட்பட்டோர் பிரிவு. நான் சின்னவன் பக்கம் நின்றேன், கடைசியில் அவன்தான் போனான். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரியவன் ஸ்ட்ரைக்கர். மணலில் கூட யாரும் அவனை ஓடிப் பிடிக்க முடியாது. தோளைக் கொடுத்தால் தடுப்பாட்டக்காரன் இரண்டடி தள்ளிப் போய் விழுவான். நீரோடியில் இருந்து இரையுமன்துறை வரை எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் அவன் கோல் இல்லாமல் நாங்கள் திரும்பியதில்லை. சின்னவன் நடுக்களம். கோல் அதிகம் போடமாட்டான், தலைப்பந்து வராது, மழையில் நனைந்த பந்தைத் தூக்கி அடித்தால் பாதி மைதானம்கூடப் போகாது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கமிட்டியில் ஒரு போட் முதலாளி மாமா சொன்னதும் அதுதான்: "ஏல மக்கா, கோல் போடுறவன விட்டுட்டு பந்து தட்டுறவனயா அனுப்புவிய?"

செலவு, பூட்ஸ், படிப்பு எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். ஒழுங்கிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இருவரும் கூப்பிட்ட நேரத்துக்கு வருவார்கள், திட்டினால் கேட்டுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடலாம்.

என் முடிவு நின்றது ஒரே ஒரு விஷயத்தில்: இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி இருக்கிறது?

முதலில் பிறந்த மாதம். பெரியவன் ஜனவரி, சின்னவன் நவம்பர். வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துப் பிரித்தால் இருவரும் ஒரே பெட்டியில் விழுகிறார்கள், ஆனால் இடையே பத்து மாதம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பத்து மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வசதி, பள்ளிச் சான்றிதழ் தேதியில் சந்தேகம் வந்தால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிடலாம். இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. நமக்கு பங்குத்தந்தையின் அலமாரி போதும்.

இந்த மாதக் கணக்கை உலகத்தைக் கவனிக்க வைத்தது ஐஸ் ஹாக்கி. எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவது, அதன்மேல் விளையாடுகிறார்கள் என்றால் கிழவிகள் சிரிப்பார்கள். ஆனால் கனடாவில் அதுதான் உயிர். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1985ல் ஜூனியர் லீக் வீரர்களின் பிறந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தார்கள். வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள், கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிடச் சுமார் நாலு மடங்கு இருந்தார்கள். அங்கேயும் ஜனவரி 1தான் எல்லைக்கோடு. டிசம்பரில் பிறந்த குழந்தைக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூத்தவனுக்குச் சின்ன வயதிலேயே நல்ல அணி கிடைக்கிறது, நல்ல கோச் கிடைக்கிறார், ஆட்ட நேரம் கூடுகிறது. அப்புறம் அவன் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2013ல் வந்த இன்னொரு ஆய்வு. ராபர்ட் டீனரும் மற்ற இருவரும் 1980 முதல் 2006 வரை என்.ஹெச்.எல். டிராஃப்டில் எடுக்கப்பட்ட கனடா வீரர்களை அலசினார்கள். என்.ஹெச்.எல். என்பது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக், டிராஃப்ட் என்பது அதன் அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைப் பொறுக்கி எடுப்பது. ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் தேர்வானவர்களில் 34 சதவீதம்தான். ஆனால் பிறகு ஆடிய ஆட்டங்களில் 42 சதவீதமும் கோல் போட்டும் கோலுக்கு உதவியும் எடுத்த புள்ளிகளில் 44 சதவீதமும் அவர்களுடையவை. பதினெட்டு வயதுப் பையன்களைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஸ்கவுட்டுகள் இப்படி ஏமாறும்போது, பன்னிரண்டு வயதில் நாம் ஏமாறாமல் இருப்போமா? ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த இளையவர்கள் ஏற்கெனவே பல வடிகட்டலில் தப்பி வந்தவர்கள். நடுவில் மனம் உடைந்து விட்டுப் போன நவம்பர்ப் பையன்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே சின்னவன் என்றாலே ஜெயிப்பான் என்று அதில் எழுதவில்லை.

ஐந்தடி எட்டு அங்குலம்தான் என்று எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத மார்ட்டின் செயின்ட் லூயி 2004ல் டாம்பா பே அணிக்காக என்.ஹெச்.எல். கோப்பையையும் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். நல்ல கதைதான். ஆனால் ஒரு ஆளின் கதையைக் காட்டி ஊர்ப் பணத்தை நான் கேட்கவில்லை.

சரி, மாதத்தைவிடப் பெரிய விஷயம் உடம்பின் வயது. ஒரே தேதியில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் பதினொன்றரை வயதிலேயே நெட்டென்று உயர ஆரம்பிப்பான், இன்னொருவன் பதினைந்து வரை காத்திருப்பான். பையன்களுக்குப் பொதுவாகப் பதினாலு வயதை ஒட்டித்தான் வளர்ச்சி வேகம் உச்சத்துக்குப் போகிறது. பெரியவனுக்கு மீசை அரும்பிவிட்டது, குரல் உடைந்துவிட்டது. சின்னவன் இன்னும் பாட்டுக் குழுவில் பெண்பிள்ளைகளோடு நின்று பாடுகிறான்.

இங்கேதான் எல்லோரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். சின்னவன் தாமதமாக வளர்கிறவனா, அல்லது எப்போதுமே குட்டையாக இருக்கப் போகிறவனா? இரண்டும் வேறு வேறு. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். வருவது அவன் எட்டக்கூடிய உயரம், எட்டு ஒன்பது சென்டிமீட்டர் முன்பின் இருக்கும். பையனின் இப்போதைய உயரம், எடை, பெற்றோர் உயரம் மூன்றையும் வைத்துக் கணிக்கும் காமிஸ் ரோச் முறை இன்னும் துல்லியம், அதற்கும் எக்ஸ்ரே தேவையில்லை. நாங்கள் எளிய கணக்கோடு நின்றுவிட்டோம். அதற்கே சின்னவன் அப்பா கொச்சியில் கரையேறி ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆழ்கடலுக்குப் போன ஆளை எப்படி அளப்பது?

பெரியவன் பெற்றோர் 168, 155. கணக்குப்படி அவன் எட்டுவது 168. இப்போதே 160 இருக்கிறான், அதாவது 95 சதவீதம். சின்னவன் பெற்றோர் 174, 158. அவனுக்கு வருவது 172 சொச்சம். இப்போது 141, அதாவது 82 சதவீதம். வளர்ச்சி உச்சம் பொதுவாக முழு உயரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டிய சமயத்தில் வரும். பெரியவன் அந்த வளைவைத் தாண்டிவிட்டான், சின்னவன் அதன் பக்கமே போகவில்லை. கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் இந்த இடைவெளி மறையாது.

இதை வைத்துப் பார்த்தால் பெரியவனின் கோல்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. அவன் போடும் பத்தில் ஏழெட்டு, பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடி ஜெயித்தவை. மற்ற பையன்களும் வளர்ந்து நிற்கும்போது அந்த ஓட்டம் எவ்வளவு மிஞ்சும்? இடது காலால் அவன் பந்தைத் தொடுவதே இல்லை, தொட வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை. சின்னவனுக்கோ தினமும் அவசியம். மோதினால் விழுவான் என்பதால் பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் பார்த்துவிடுகிறான், வாங்கும்போதே திரும்பிவிடுகிறான். இது சின்ன விஷயம் இல்லை. நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வீரர்களை வீடியோவில் கவனித்தபோது, பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் நடுக்கள வீரர் ஃபிராங்க் லாம்பார்ட். நான் பந்தை விட்டுவிட்டு இவன் தலையை மட்டும் பார்த்துக்கொண்டு சில ஆட்டங்கள் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் ஆட்டமே பார்க்கவில்லை என்று கோபம்.

பெரியவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. உடம்பும் ஒரு திறமைதான். வேகமாக ஓடுகிறவர்களில் பலர் வளர்ந்த பிறகும் வேகமாகத்தான் ஓடுகிறார்கள். மலப்புறத்தில் ஏழு பேர் அணியாக ஆடும் செவன்ஸ் பந்தயங்களில் காசு தருவது இந்த மாதிரி ஆளுக்குத்தான், அது நம் கரையில் ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம். அடுத்த வருடம் கப்பு வேண்டும் என்பதுதான் குறி என்றால் நானே பெரியவனை அனுப்பியிருப்பேன். ஆறேழு வருடம் கழித்து யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

கோல்கீப்பருக்கும் அவனுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்குக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடமாட்டேன், அங்கே இறுதி உயரம் அதிகம் பேசும். பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி உச்சமே சுமார் இரண்டு வருடம் முன்னால் வருகிறது, அவர்களோடு எனக்குப் பழக்கமும் குறைவு. மன உறுதியை அளக்க என்னிடம் எந்த அளவுகோலும் இல்லை. வீட்டை விட்டுத் தனியாகத் தங்கினால் இருவரில் யார் அழுதுகொண்டு திரும்புவான் என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனியாகத் தேசிய இளையோர் அணி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சில பந்தயங்களை வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சி சதவீதத்தை வைத்தே நடத்திப் பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு வசதி ஏது? ஆனால் அதில் பாதியை மணலிலேயே செய்யலாம். பெரியவனை இப்போது 15 வயதுக்காரர்களோடு ஆடவிட்டிருக்கிறோம். முதல் வாரம் தோளைக் கொடுத்துப் பார்த்தான், ஒருவரும் அசையவில்லை. இப்போதுதான் இடது காலால் பந்தைத் தட்டிப் பார்க்கிறான். பெரிய பையன்களுக்கு நடுவிலும் அவன் தேறிவிட்டால் அடுத்த முறை சேரும் பணம் அவனுக்கு என்று கமிட்டியில் எழுதி வைத்தாகிவிட்டது. மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.