உச்சி வெயிலில் வேலை நிறுத்தம்: கடிகாரமா, வெப்ப அளவியா, காப்பீடா?

வெட்டவெளியில் உழைப்பவர்களை வெயிலிலிருந்து காக்க இன்று மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன: குறிப்பிட்ட மணி நேரத்தில் வேலையை நிறுத்துவது, வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டியதும் நிறுத்துவது, வெப்பத்தால் இழந்த வருமானத்தைக் காப்பீட்டின் வழியே ஈடுகட்டுவது. இவற்றை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, வேலை நின்ற நேரத்துக்குக் கூலி தருபவர் யார் என்பதைத்தான்.

முதல் வழிக்கு வளைகுடா நாடுகளே சான்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. மீறும் நிறுவனம் தொழிலாளி ஒருவருக்கு 5,000 திர்ஹாம் வீதம் அபராதம் கட்ட வேண்டும். கேரளத் தொழிலாளர் துறையும் கோடைதோறும் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தரச் சொல்லி உத்தரவிடுகிறது. கடிகாரத்தின் பெரும்பலம் அதன் எளிமை; சாலையில் போகிற எவரும் சாரத்தில் ஆள் நிற்பதைப் பார்த்து விதிமீறல் என்று சொல்லிவிடலாம். ஆனால், கடலோரத்தில் மாலை ஐந்து மணிக்கும் புழுங்கித் தள்ளுகிற காற்றைக் கடிகாரம் அறியாது.

அந்தக் குறையை நிரப்பவே கத்தார் 2021-இல் தன் விதியைத் திருத்தியது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை என்று நேரத்தை நீட்டியதோடு, ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை (காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் அளவு) 32.1 பாகை செல்சியஸைத் தாண்டினால் எந்த நேரமாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் சேர்த்தது. இந்த அளவி பார்வைக்கு எளியது: ஈரத்திரி சுற்றிய ஒரு வெப்பமானி, கறுப்பு உருண்டைக்குள் ஒன்று, நிழலில் ஒன்று. திறந்தவெளிக் கணக்கில் ஈரத்திரிக்கு 70 விழுக்காடும், கறுப்பு உருண்டைக்கு 20 விழுக்காடும், சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 விழுக்காடும் எடை. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது என்பதால்தான் ஈரத்துக்கு அத்தனை எடை.

தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு இது மிகவும் முக்கியம். இந்திய வானிலை ஆய்வுத் துறை கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை 37 பாகையை எட்டுவதோடு இயல்பைவிட 4.5 பாகையாவது கூடியிருக்கவும் வேண்டும். ஈரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே, தூத்துக்குடி உப்பளத்தில் 36 பாகையில், தரையிலிருந்து உப்பின் வெண்மை கண்ணைக் கூச வைக்க, பாத்தியில் நின்று உப்பு வாருகிற பெண்ணுக்கு அன்று அரசுக் கணக்கில் சாதாரண நாள்தான். தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, ஏறக்குறைய 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கொள்கை அளவில் இங்கே அளவியே சரியான வழி என்பது என் கருத்து. அளவியைக் கையில் வைத்திருப்பவர் மேஸ்திரியாகவே இருந்தால் அதன் முள் வரம்பைத் தாண்டவே தாண்டாது என்பது வேறு கதை.

மூன்றாவது வழியை இந்தியாவில் முன்னெடுத்தது, சுயதொழில் செய்யும் பெண்களின் தொழிற்சங்கமான குஜராத்தின் சேவா அமைப்பு. 2023-இல் 21,000 பெண்களைக் காப்பீட்டில் சேர்த்தபோது, வைத்த வரம்பை வெப்பம் தொடாததால் பணம் வரவில்லை. மறு ஆண்டு மூன்று மாநிலங்களில் 50,000 பெண்களுக்கு விரிவாக்கி, 40 பாகையைத் தாண்டினால் 400 ரூபாய் உதவித்தொகை என்ற கீழ்ப்படியையும் சேர்த்தார்கள். வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் வருவது நல்ல ஏற்பாடு. ஆனால் 400 ரூபாயில் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும்? மேலும், 40 பாகை என்ற வரம்பை அப்படியே நம் கடலோரத்துக்குக் கொண்டுவந்தால் அது தொடப்படும் நாட்கள் மிகச் சில.

கூலிக் கேள்விக்கு வந்தால், கடிகாரமும் அளவியும் தனியாக நின்று உதவா. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், பகலில் நிறுத்திய வேலையை இரவில் தூக்கம் கெட்டு முடிப்பார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. அது உயிர் போன பிறகு வருகிற பணம். உயிரோடு இருப்பவருக்கான முன்மாதிரி அதே அரசிடம் உண்டு: உப்பு எடுக்க முடியாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரப்படுகிறது. மழைக்குப் பொருந்திய நியாயம் வெயிலுக்குப் பொருந்தாது என்று சொல்லக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனவே பெரிய கட்டுமானங்களில் ஒப்பந்தத்திலேயே அளவியும் நின்ற நேரக் கூலியும் எழுதப்பட வேண்டும். உப்பளத்திலும் சூளையிலும் அளவி மேஸ்திரியின் கைக்கே போய்விடும் என்பதால், அங்கே அரசு நிவாரணத்தோடு கூடிய நேரக் கட்டுப்பாடு போதும். தள்ளுவண்டிக்காரருக்கும் நடைபாதையில் பூக்கட்டி விற்பவருக்கும் முதலாளியே இல்லாததால், அவர்களுக்கு மிஞ்சுவது காப்பீடுதான். அதன் வரம்பில் ஈரப்பதத்தையும் சேர்க்காமல் சென்னையில் அதை விற்கக் கூடாது.